ஒரு சொல்லுக்கு மூன்று வேர்

இரண்டு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கும் நேரத்தில் ஒரு மாவுத் தகடு வெந்துவிடும். மூன்றாவதை ஆரம்பித்தால் ஓரம் சிவந்துவிடும், சிவந்தது கோழிக்குப் போகுமே தவிர பூசைக்குப் போகாது. அந்தக் கன்னியர் மடத்தில் ஓஸ்தி சுடக் கடிகாரம் கிடையாது, செபம்தான் கணக்கு. பூசையில் சாமியார் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடிக்கிறாரே, அந்த வெள்ளை அப்பத்துக்கு வேதக்காரர்கள் வைத்த பேர் ஓஸ்தி. எமல்டா பன்னிரண்டு வருடமாக அதைச் சுடுகிறாள். அதற்கு முன்னால் பதினொரு வருடம் இதே காம்பவுண்டுக்குள், இந்த அறையிலிருந்து கல்லெறிந்தால் விழுகிற தூரத்தில், ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சராக இருந்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி, மடமே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறது. எமல்டா கரண்டியால் மாவை மொண்டு இரும்பில் ஊற்றுகிறாள், மேல் தகட்டை இறக்கி அழுத்துகிறாள், சுற்றிலும் ஆவி சீறுகிறது, உதடு செபத்தைத் தொடங்குகிறது, மனசு வேறெங்கோ தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மதர் கொலம்பாவுக்குப் பொன்விழா. கன்னியாகி ஐம்பது வருடம். பிஷப் ஆண்டவர் வருகிறார், பந்தல் போட்டாயிற்று, கேட்டிலிருந்து கோயில் வரைக்கும் காகிதத் தோரணம், அதில் ஒன்று அறுந்து வந்து இந்த அறையின் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து சடசடக்கிறது. எடுத்துப் போட ஒரு நிமிடம் ஆகாது. எமல்டா எடுக்கவில்லை. சடசடக்கட்டும். அவளுடைய சாப்பாட்டுத் தூக்கின் மேல்தட்டில் சோறு இருந்தது, சாப்பிட்டுவிட்டாள். அடித்தட்டில் இருப்பது சோறில்லை. இரண்டு கைப்பிடி பச்சரிசி மாவு, நேற்று வீட்டில் மிக்ஸியில் அரைத்து மூன்று முறை துணியில் சலித்தது. அதை இன்னும் திறக்கவில்லை. திறப்பாள். தகடு வெந்துவிட்டது, இரண்டாவது முடிந்து எத்தனை நேரமாகிறது என்று தெரியவில்லை, ஓரம் லேசாகச் சிவந்துவிட்டது. கோழிக்கு.

ஜன்னலோரம் உட்கார்ந்து சிஸ்டர் பிரான்சீனா நேற்றுச் சுட்ட தகடுகளைக் கைவெட்டியில் வைத்து வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருக்கிறார். சுட்ட தகட்டை ஒரு ராத்திரி ஈரத்துணிக்குள் பதப்படுத்தினால்தான் நொறுங்காமல் வெட்ட வரும். சிஸ்டருக்கு எழுபது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் புரை, கை மட்டும் பழக்கத்தில் ஓடுகிறது. இந்த மடத்தில் எமல்டாவை இன்றைக்கும் டீச்சர் என்று கூப்பிடுவது அந்த ஒரு வாய்தான். முதல் நாள், பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்த எடுப்பில் இந்த அறைக்குத் தள்ளிவிடப்பட்ட நாள், எமல்டா மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றபோது பிரான்சீனா ஆறுதலுக்கு வேறு வார்த்தை தெரியாமல் தொழிலைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். “கோதும மாவு, தண்ணி. அம்புட்டுதான் டீச்சர். உப்பு கூடாது, சீனி கூடாது, எண்ணெ கூடாது. அரிசி மாவுல செஞ்சோம்னா செல்லவே செல்லாது. பிஷப்பே வந்து பூச வச்சாலும் அது வெறும் பலகாரம்தான், ஆண்டவர் அதுல எறங்க மாட்டாரு.” எமல்டாவின் கண் அழுதுகொண்டிருந்தது, காது அழவில்லை. செல்லாது என்ற அந்த ஒரு சொல் அன்றைக்கே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வேலையைப் பிடுங்கினவள் பிழைத்துப் போ என்று போட்ட பிச்சையில் ஒரு கத்தியும் சேர்ந்து விழுந்திருக்கிறது, போட்டவளுக்கே தெரியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இதில் உப்பே கிடையாதே, யாரை நினைக்க வேண்டும்? எமல்டா இதை நினைத்துப் பல தடவை தனியாகச் சிரித்திருக்கிறாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள், பூமி யாருக்கு வேண்டும், அவளுக்கு வேண்டியது ஒரு ஓஸ்தி. மாவை மொண்டு ஊற்று, இறக்கு, அழுத்து, அருள் நிறைந்த மரியே.

எல்லாம் ஒரு சின்ன இங்கிலீஷ் சொல்லால் வந்தது. ஹோஸ்ட். மூன்று ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோட்டில் பத்துத் தடவை எழுதிவிடலாம், அவ்வளவு சின்னது. பாடத்தில் யாரோ ஒருவன் விருந்துக்குப் போகிறான், வீட்டுக்காரர் வரவேற்கிறார், அந்த வீட்டுக்காரர் ஹோஸ்ட். சரி. கடைசி பெஞ்சிலிருந்து சகாயராணி எழுந்து, மிஸ், கோயில்ல இங்கிலீஷ் பூசையில ஓஸ்திய ஹோஸ்ட்ங்குறாங்களே, சங்கீதத்துல சேனைகளின் ஆண்டவருக்கும் ஹோஸ்ட்னு வருதே, எல்லாம் ஒண்ணா என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு எமல்டா பதினொரு வருடம் காத்திருந்தாள் என்றே சொல்லலாம். நூலகத்தில் யாரோ செத்துப்போன வெள்ளைக்காரப் பாதிரியாரின் பெட்டியிலிருந்து வந்த தடித்த அகராதி ஒன்று உண்டு, பூச்சி அரித்தது, சொற்களின் பிறப்பு வளர்ப்பெல்லாம் அதில் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேறு டீச்சர்மார் சேலை பார்க்கும்போது எமல்டா அதைப் பார்ப்பாள். அன்றைக்குக் கரும்பலகையில் சொல்லை நடுவில் எழுதி, கீழே மூன்று வேர் வரைந்தாள். முதல் வேர் ஹோஸ்பெஸ். லத்தீனில் விருந்து கொடுக்கிறவனுக்கும் அந்தப் பேர், விருந்துக்கு வந்தவனுக்கும் அதே பேர். அதன் பிள்ளைகள்தான் ஹாஸ்டல், ஹோட்டல், நம்ம ஊர் ஆஸ்பத்திரி. இரண்டாவது வேர் ஹோஸ்திஸ். முதலில் அதற்கு அந்நியன் என்றுதான் பொருள், வேறெந்த ஊரிலிருந்தோ வந்தவன், அவ்வளவுதான். போகப் போக அந்நியன் பகைவன் ஆனான், பகைவன் கூட்டமானான், கூட்டம் படையானது, அதனால்தான் சேனைகளின் ஆண்டவர். அந்நியனை வீட்டுக்குள் விட்டால் விருந்தாளி, வாசலிலேயே நிறுத்தினால் எதிரி, பார்த்தீங்களா பிள்ளைகளா, முதல் வேரும் இரண்டாவதும் அடியில் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன. மூன்றாவது வேர் தனி. ஹோஸ்தியா. பலிக்கென்று வெட்டப்படும் ஆடு மாடு. அதுதான் பூசைக்கு வந்தது, பலி என்றாலே நமக்குத் தெரியுமே, நமக்காக வெட்டுப்பட்டவர் யார்? பிள்ளைகள் சேசு என்று ஒரே குரலில் சொல்லின. எமல்டாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்தியால் சிலிர்த்தது என்று யாருக்கு நிரூபிப்பது? திரும்பிப் பார்த்தால் வராந்தாவில் மதர் கொலம்பா நின்றுகொண்டிருந்தார், அப்போது ஹெட்மிஸ்ட்ரஸ். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அறிவியல் டீச்சர் அன்று மாலை, இன்னொண்ணும் இருக்குல்ல எமல்டா மிஸ், குடல்ல புழு இருக்கும்ல, அது இருந்து சாப்பிடுற ஒடம்புக்கும் ஹோஸ்ட்னுதான் பேரு என்றாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தப் பொருள்தான் கடைசியில் நின்றது. பன்னிரண்டு வருடமாக உள்ளே ஒரு புழு, அதற்குச் சோறு போட்டு வளர்க்கிற உடம்பு இது.

அடுத்த வாரம் கூப்பிட்டு மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார் கொலம்பா. திவ்விய நற்கருணையை வெட்டுப்பட்ட ஆடு என்று வகுப்பில் இழிவாகச் சொன்ன ஆசிரியை மேல் நடவடிக்கை வேண்டும், இப்படிக்கு ஒரு பெற்றோர். கொலம்பாவின் முகத்தில் அவ்வளவு துக்கம். “நான் என்ன பண்ணுவேன் எமல்டா, விசுவாச விசயம், பேரண்ட்ஸ் கோயில் வரைக்கும் போயிட்டாங்க.” எமல்டா கடிதத்தைக் கையில் எடுத்தாள், வெளிச்சத்துக்குத் திருப்பினாள், திருப்பினது தற்செயல்தான். பின்பக்கம் அரையாண்டுத் தேர்வுக்கு யார் யார் எந்த அறையில் மேற்பார்வை என்ற பட்டியலின் முதல் வரைவு, அடித்தல் திருத்தலோடு, பாதியாகக் கிழித்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அறையைத் தாண்டி வெளியே போகாத காகிதம். ஒரு பக்கம் எழுதிய தாளை மறுபக்கம் எழுதாமல் தூக்கிப் போடுவது கொலம்பாவுக்கு, கன்னியாகும்போது கொடுத்த ஏழ்மை வார்த்தைப்பாட்டை மீறுகிற பாவம், டீச்சர்மாருக்கு வருகிற மெமோகூடப் பழைய கேள்வித்தாளின் முதுகில்தான் வரும். ஊரறிந்த சிக்கனம். பொய்ப் புகார் எழுதும்போதுகூட ஒரு முழுத் தாளை வீணாக்க மனசு வரவில்லை அந்தப் புண்ணியவதிக்கு. எமல்டா ஏறிட்டுப் பார்த்தாள். கொலம்பாவும் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் அடுத்த வரியிலேயே அவர் எமல்டாவின் மகளைப் பற்றிப் பேசினார். “ஜெனிட்டா நல்லாப் படிக்கிறா, ஹாஸ்டல்ல அவளுக்கு எந்தக் கொறையும் வராது, நான் பாத்துக்குறேன்.” கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஜெனிட்டா அப்போது ஆறாம் வகுப்பு, அப்பா இல்லாத பிள்ளை என்று ஹாஸ்டலில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், எமல்டாவின் வாய்க்கு அதைவிடப் பெரிய பூட்டு கிடையாது. அந்த மாதமே அந்த இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு அரசாங்க அங்கீகாரம் வந்தது, இனி அரசாங்கச் சம்பளம், பதினொரு வருடமாக வரும் வரும் என்று எமல்டா மெழுகுதிரி ஏற்றிய அங்கீகாரம். வேலை கொலம்பாவின் அண்ணன் மகளுக்குப் போனது, எமல்டாவுக்குக் கொலம்பா கொடுத்தது இந்த ஓஸ்தி அறை. அந்தப் பெண் ஹோஸ்ட் என்பதை ‘விருந்து கொடுப்பவர்’ என்று ஒரே வரியில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும், எமல்டா ஒருநாள் வராந்தாவில் ஓஸ்தி டப்பாவோடு போகும்போது பார்த்தாள். வேர் இல்லாத சொல் கரும்பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அன்றுதான் அழுகை நின்றது. மற்றது தொடங்கியது. ஜெனிட்டா படித்தாள், நர்சிங் முடித்தாள், போன ஆடி மாதம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். பூட்டு திறந்துவிட்டது. பூட்டு திறந்த எட்டாவது மாதம் பொன்விழா வருகிறது, இதை யார் ஏற்பாடு செய்தது, ஆண்டவரா, மற்றவரா?

பயம் இல்லாமலா? இருக்கிறது. முதலில் எல்லா மாவையும் மாற்றிவிடத்தான் நினைத்தாள், அறுநூறு ஓஸ்தி, ஐம்பது வருடக் கொண்டாட்டமே செல்லாக்காசாகட்டும் என்று. ராத்திரியும் பகலும் அதையே மென்றுகொண்டிருந்தாள். ஆனால் மீதமாகிற ஓஸ்தியைத்தான் பேழையில் வைத்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீட்டோடு கிடக்கிற நோயாளிகளுக்கு எடுத்துப் போகிறார்கள். கைகால் விழுந்த சந்தியாகு வாரம் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அவருக்கு அரிசிப் பலகாரத்தைக் கொடுப்பதா? இதோ இந்த பிரான்சீனாவுக்கு? யார் மேலோ உள்ள கோபத்துக்கு யார் வாயில் மண்? அந்த இடத்தில் யோசனை முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிட்டது, முன்னேயும் போகவில்லை பின்னேயும் வரவில்லை. பிறகு திங்கட்கிழமை பாத்திரம் கழுவும்போது தெளிந்தது. பெரிய ஓஸ்தி. பிஷப்புக்கென்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுடுகிற ஒரே ஒரு ஓஸ்தி. அதை உயர்த்தி, உடைத்து, ஒரு துண்டை அவர் சாப்பிடுவார், ஒரு துண்டைப் பொன்விழாக் கன்னிக்குக் கொடுப்பார், அதுதான் வழக்கம். சின்னதெல்லாம் கோதுமையாகவே இருக்கட்டும். பெரியது மட்டும் அரிசி. பிஷப் ஆண்டவருக்கு ஒருநாள் பட்டினி, பாவம், அவர் பெரிய உடம்பு, தாங்குவார். கொலம்பாவுக்கு ஐம்பதாவது வருடத்தின் அந்த ஒரு நாளில், தோரணமும் மேளமும் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்து ஒன்றுமில்லாததை வாங்கி விழுங்கவேண்டும். யாருக்கும் தெரியாது, கொலம்பாவுக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன பழி என்று கேட்கலாம். எமல்டாவுக்குத் தெரியுமே. அண்ணன் மகள் வேலையில் சேர்ந்தது எப்படி என்றும் ஒருத்திக்குத்தானே தெரிந்திருந்தது. ஒருத்திக்குத் தெரிந்தால் போதும். இதற்காக எமல்டா நரகத்துக்குப் போவாளோ, அந்த யோசனையும் வராமல் இல்லை. அவள் நம்புகிறவள். நம்பாதவளாக இருந்தால் அரிசிக்கும் கோதுமைக்கும் என்ன வித்தியாசம், கடைக்காரன் அல்லவா கவலைப்படவேண்டும்? நம்புவதால்தான் பன்னிரண்டு வருடமாக அவள் நன்மை, அதுதான் பூசையில் கொடுக்கிற அந்த ஓஸ்தி, வாங்குவதில்லை. எல்லோரும் வரிசையில் போய் நாக்கை நீட்டி வாங்குவார்கள், சுட்டுக் கொடுத்தவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். பாவத்தோடும் பகையோடும் அவிசுவாசத்தோடும் அதை வாங்குகிறவர் தன் தண்டனையைத் தானே வாங்கி விழுங்குகிறார் என்று புதுநன்மை வகுப்பில் ஏழு வயதில் சொல்லிக் கொடுத்தது, அது எலும்போடு ஒட்டிக்கிடக்கிறது. பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாங்கலாம்தான். பகையை விட்டுவிடு என்பார் சாமியார். பகையை விட்டால் கையில் வேறென்ன மிச்சம்? எமல்டா தூக்கின் அடித்தட்டைத் திறந்தாள். அரிசி மாவை ஒரு சருவச்சட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, கட்டி தட்டாமல் விரலால் கரைத்தாள். கோதுமையைவிட வெள்ளை. பெரிய இரும்பைச் சூடேற்றினாள்.

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. மதர் கொலம்பா கதவை ஒட்டி நின்றார். எழுபத்திரண்டு வயது, முதுகு சற்று வளைந்திருந்தது, உடுப்பு மட்டும் கஞ்சி போட்டு நிமிர்ந்து நின்றது. பிரான்சீனா தடுமாறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கொலம்பா உட்கார்ந்து, “பிரான்சீனா, தொண்டை வறண்டு கெடக்கு, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டாந்து குடு,” என்று அவரை அனுப்பிவிட்டார். எமல்டாவின் கையில் கரண்டி இருந்தது, கரண்டிக்குக் கீழே சருவச்சட்டி. அதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. மாவுக்கு எழுத்தா போட்டிருக்கிறது?

“பெரிய ஓஸ்தி சுட்டாச்சா எமல்டா?”

“இனிமேத்தான் மதர்.”

“ஒடச்சு மொதத் துண்ட எனக்குத்தான் குடுப்பாராம். வெள்ளையா வரணும் பாத்துக்க.”

“வெள்ளையாத்தான் வரும் மதர்.”

கொலம்பா உடுப்பின் பக்கவாட்டுப் பையில் கையை விட்டு ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். தாளின் ஒரு பக்கம் ஏதோ பழைய சுற்றறிக்கை, மறுபக்கம் காலி. “ஒங்கிட்ட ஒண்ணு வேணும். அந்த ஹோஸ்ட்ங்குற வார்த்தைக்கு போர்டுல மூணு வேர் போட்டியே, ஞாபகம் இருக்கா? வராந்தாவுல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். நல்லாத்தான் சொல்லிக்குடுத்த. அத எழுதிக் குடு. ஞாயித்துக்கெழம மைக்குல ரெண்டு நிமிசம் பேசணுமாம்.”

நல்லாத்தான் சொல்லிக்குடுத்த. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிற சான்றிதழ், அதுவும் ஒரு பக்கத் தாளோடு. கரண்டியால் ஒரு போடு போட்டால் என்ன என்று கை ஒரு நொடி கேட்டது, கையை அடக்கினாள், குரலை இன்னும் அடக்கினாள். “நீங்களே பேசலாமே மதர். அம்பது வருசமா வாங்குறீங்க, ஒங்களுக்குத் தெரியாததா?”

“அதத்தான் சொல்ல வர்றேன்.” கொலம்பா சிரித்தார், சிரிப்பில் வெட்கம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது. “மொத ரெண்டு மூணு வருசம் என்னமோ இருந்துச்சு. அப்புறம் இல்ல. நாக்குல ஒட்டும், முழுங்குவேன், வந்து ஒக்காந்து கைய மூடிக்கிடுவேன். மாவு எமல்டா. எனக்கு அது வெறும் மாவு. ஆண்டவரும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் மைக்கப் புடிச்சு எதச் சொல்றது?”

“பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வேண்டியத எங்கிட்டச் சொல்றீங்க மதர்.”

“சாமியார்கிட்டச் சொன்னா அவரு மனசுல வச்சுக்கிடுவாரு. ஒங்கிட்டச் சொன்னா என்ன? நீ போய் யார்கிட்டச் சொல்லப்போற? சொன்னாத்தான் யாரு நம்பப்போறா?” என்று கேட்டுவிட்டுத் தாளை நீட்டினார். “அழகா எழுதிக் குடு. ஒம் பேரு வேணாம், பழச எதுக்குக் கெளறிக்கிட்டு.”

எமல்டா கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். டீச்சர் கை, கேட்டால் எழுதும். வரவேற்கிறவனும் விருந்தாளியும் ஒரு வேர். அந்நியனும் பகைவனும் படையும் ஒரு வேர். பலியாடு ஒரு வேர். சந்தேகம் வராதபடி ஒவ்வொன்றுக்கும் உதாரணத்தோடு, தெளிவாக, கரும்பலகைக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கொலம்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்து, திருப்தியாக நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பிரான்சீனா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு எமல்டா சருவச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரும்பு நன்றாகக் காய்ந்துவிட்டது, ஊற்ற வேண்டியதுதான். ஊற்றி என்ன ஆகப்போகிறது? ஐம்பது வருடமாக மாவை விழுங்குகிறவளுக்கு இன்னொரு துண்டு மாவு. எதைப் பறிக்கவேண்டும் என்று பன்னிரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ அது அந்த அம்மாளிடம் இல்லவே இல்லை, வெறும் பெட்டியை உடைக்கத்தான் இவ்வளவு நாள் கள்ளச்சாவி செய்திருக்கிறாள். சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரம், என் வேலையைக் கொண்டுபோனாய், என் சொல்லைக் கொண்டுபோனாய், கடைசியில் என் பழியையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டா போகிறாய்? அப்போதுதான் அது தோன்றியது. அரிசி என்றால் கொலம்பா தப்பித்தார். அரிசி வெறும் அரிசி, அதை நம்பிக்கையில்லாமல் வாங்கினால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கோதுமை என்றால் அதில் ஆண்டவர் இறங்குவார். நம்பாத நாக்கில், அண்ணன் மகளுக்காகப் பொய் எழுதின கையோடு, திருடின பேச்சை மைக்கில் பேசப்போகிற வாயைத் திறந்து, கொலம்பா அவரை வாங்கி விழுங்குவார். தண்டனையைத் தானே வாங்கி, தானே விழுங்குவார். ஊரே எழுந்து நின்று பாட, பிஷப்பின் கையால். எமல்டா செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, தன் வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டியதுதான். அவள் சருவச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அரிசிமாவைச் சாக்கடையில் கொட்டினாள். சட்டியை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாள், விரலிடுக்கில் ஒட்டியிருந்ததைக்கூடச் சுரண்டிக் கழுவினாள். புது டப்பாவிலிருந்து கோதுமை மாவை எடுத்துச் சலித்தாள். மறுபடி சலித்தாள். மறுபடியும்.

“என்ன டீச்சர் மூணு தரம் சலிக்கிறீங்க?” என்றார் பிரான்சீனா. “ஒரு தரம் போதும்ல.”

“மதர் வாங்கப்போற துண்டு சிஸ்டர். ஒரு பொட்டு கொற இருக்கக்கூடாது. மத்தது எப்படியோ, இது கண்டிப்பாச் செல்லணும்.”

பிரான்சீனாவின் கை வெட்டியிலேயே நின்றுவிட்டது. புரை விழாத கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. “அவங்க ஒங்களுக்குச் செஞ்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா டீச்சர்? அதெல்லாம் மறந்து இப்படிப் பாத்துப் பாத்துச் செய்றீங்களே. மனசு மாறிட்டீங்க டீச்சர். பெரிய மனசு.”

எமல்டா மாவில் தண்ணீரை ஊற்றினாள்.

“மனசு அதேதான் சிஸ்டர்,” என்றாள். “மாவத்தான் மாத்துனேன்.”